தண்ணீர் ஊற்றாமல் காரைக் கழுவுவது எப்படி?

வாளியும் குழாயும் இல்லாமல், ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் சில துணிகளும் மட்டும் கொண்டு காரைச் சுத்தம் செய்யலாம் என்று சொன்னால், அழுக்கு வண்டியைத் துணியால் தேய்த்தால் கீறல் விழாதா என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும். ஆகவே இந்த முறையில் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டுதான்: அழுக்கைத் தேய்க்காமல் துணிக்குள் வாங்கிக்கொள்வது ஒன்று, வாங்க முடியாத அளவுக்கு அழுக்கு படிந்திருக்கும் நாளில் பாட்டிலைத் தொடாமலே இருந்துவிடுவது மற்றொன்று.

இந்த ஸ்ப்ரே திரவத்தில் அழுக்கை நனைத்து இளக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருளும், வழுவழுப்பைத் தரும் பாலிமர் அல்லது மெழுகு போன்ற பொருளும் கலந்திருக்கும். தூசித் துகள்களைச் சுற்றி ஒரு வழுக்கும் படலத்தை உண்டாக்குவதே இவற்றின் வேலை. அப்படிப் படலத்தில் மிதக்கும் துகளை மென்மையான துணி தொட்டவுடன், அது துணியின் இழைகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்கிறது. படலம் போதாமல் போனால் அதே துகள் துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் சிக்கி, நாம் கையை நகர்த்தும் தூரம் முழுவதும் ஒரு கோடு போட்டுவிடுகிறது. காரின் நிறத்துக்கு மேலே பளபளப்புக்காகப் பூசப்படும் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். அதாவது, பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸோ, மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7 என்ற இடத்தில் நிற்பது; கண்ணாடியையே கீறக்கூடியது. இவ்விரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், காய்ந்த துணியால் காரின் தூசியைத் தட்டிவிடும் பழக்கம் எவ்வளவு கெடுதலானது என்பது தனியே சொல்லாமலே விளங்கும்.

எந்த நிலையில் செய்யலாம், எப்போது கூடாது

விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தத் தடவலே ஒரு கீறலாக முடியலாம். பகல் வெளிச்சத்தில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். தூசிக்கு அடியில் காரின் நிறம் தெளிவாகத் தெரிந்தால் ஸ்ப்ரே முறை போதும். நிறமே மங்கி, தூசியின் நிறம்தான் முன்னால் தெரிகிறதென்றால், அல்லது மழையில் ஓடிய வண்டியில் சேறு காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருந்தால், அன்றைக்குத் தண்ணீரால் கழுவுவதே சரி. பாட்டிலின் மேல் எவ்வளவு பெரிய வாக்குறுதி அச்சிட்டிருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

நடைமுறையில் ஒரு கார் முழுவதும் ஒரே அளவில் அழுக்காவதில்லை. கூரையும் பானட்டும் லேசான தூசியோடு இருக்கும்போது, சக்கரங்களுக்குப் பின்னால் கதவுகளின் அடிப்பகுதியில் மணலும் சேறும் அப்பியிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு இரண்டு முறைகளையும் கலந்து செய்வதில் தவறொன்றும் இல்லை. கதவின் கீழ்ப்பாதிக்கும் பம்பர்களுக்கும் மட்டும் அரை வாளித் தண்ணீரைக் குவளையால் ஊற்றி மண்ணை ஓடவிட்டு, மற்ற இடங்களுக்கு ஸ்ப்ரேயைப் பயன்படுத்தலாம். நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட் பூசிய கார்களுக்கு மெழுகு கலந்த திரவங்கள் ஆகாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பளபளப்புத் திட்டுகள் நின்றுவிடும். மேட் பரப்புக்கென்றே தயாரிக்கப்பட்டதைத்தான் வாங்க வேண்டும்.

துணிதான் முக்கியம்

திரவத்தைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் யோசிப்பவர்கள்கூடத் துணி விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். பழைய பருத்திச் சட்டையோ, குளியல் துண்டோ இதற்கு உதவாது. பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்த, 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதத்தில் நெய்த மைக்ரோஃபைபர் துணி வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் குறிக்கும் ஜிஎஸ்எம் எண் 350-க்கு மேல் இருப்பதும், ஒரு பக்கமாவது இழைகள் நீளமாகப் புசுபுசுவென்று இருப்பதும் நல்லது. துகள் போய் அமர்வதற்கு அந்த ஆழம் தேவைப்படுகிறது. ஓரத்தில் கடினமான தையல் இல்லாத துணி கிடைத்தால் அதையே எடுங்கள். துணியில் தைத்திருக்கும் சிறு அடையாளச் சீட்டை முதல் வேலையாகப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் சதுரமுள்ள துணியை இரண்டு முறை மடித்தால், திருப்பித் திருப்பிப் பயன்படுத்த எட்டு சுத்தமான முகங்கள் கிடைக்கும். ஒரு நடுத்தரக் காருக்கு அழுக்கை எடுக்க ஐந்தாறு துணிகள், துடைத்து மெருகேற்ற இரண்டு மூன்று, சக்கரங்களுக்கென்று வேறு நிறத்தில் இரண்டு என்று வைத்துக்கொண்டால் நடுவில் தட்டுப்பாடு வராது. தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். முதன்முதலில் ஒரு கரும் நிறக் காரை இரண்டே துணிகளை வைத்துக்கொண்டு துடைக்கத் தொடங்கி, பாதி வண்டியிலேயே எல்லா முகங்களும் அழுக்கான பிறகும், இன்னும் டிக்கி மட்டும்தானே என்று அதே துணியால் முடித்துவிட்டேன். அப்போது பளிச்சென்றுதான் இருந்தது. மறுநாள் இரவு விளக்கடியில் நிறுத்தியபோது டிக்கி மூடியில் சிலந்திவலை போலக் கோடுகள் சுற்றிச் சுற்றி மின்னின.

அந்தக் கோடுகள் வட்டமாகத் தெரிவதற்கு, நாம் வட்டமாகத் துடைத்தது மட்டுமே காரணமல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் நுண்கீறல்களில், விளக்கின் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் நம் கண்ணை நோக்கி ஒளியைத் திருப்பி அனுப்புவதால், விளக்கைச் சுற்றி வளையங்கள் இருப்பதுபோல் தோன்றுகிறது. துடைப்பதை எப்போதும் ஒரே திசையில், நேர்கோட்டில் செய்தால், தவறிப்போய்க் கீறல் விழுந்தாலும் அது குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டுமே புலப்படும்.

செய்முறை

காரை நிழலில் நிறுத்தி, புறங்கையைப் பானட்டுக்குச் சற்று மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். வெப்பம் எழுவது தெரிந்தால் இன்னும் ஆற வேண்டும். சூடான தகட்டில் திரவம் நொடியில் காய்ந்து, திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். காற்றோடு புழுதி பறக்கும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். திரவம் அடர்கரைசலாக வந்திருந்தால், அதன் சீட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கே தண்ணீர் கலக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைத்துக் கூடுதலாகச் சேர்ப்பவர்களுக்குத்தான் துடைத்தும் போகாத மேகத் திட்டுகள் மிஞ்சுகின்றன. கலக்கும் தண்ணீர் உப்புத் தன்மை இல்லாததாக இருக்கட்டும்.

கூரையிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாக வர வேண்டும். ஒரு நேரத்தில் ஏறக்குறைய அரை மீட்டர் சதுரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டிலை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அந்த இடம் முழுவதும் ஒரே சீராக நனையும்படி தெளியுங்கள். புதிதாகச் செய்பவர்கள் எல்லோருமே இந்த இடத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஒரு சிறிய காருக்கே 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை செலவாகும் என்று முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டால் கை தாராளமாக வரும். துடைக்கப்போகும் துணியின் முதல் முகத்திலும் இரண்டு முறை தெளித்து அதை ஈரமாக்கிக்கொள்ளுங்கள்.

தெளித்தவுடனே துணியை எடுத்துவிடாமல், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நின்று பாருங்கள். வெளிறிய தூசி கருத்து, சிறு துளிகளாகத் திரண்டு, சாய்வான இடங்களில் பழுப்பு நிறத்தில் மெல்ல வழியத் தொடங்கும். அழுக்கு பெயின்ட்டிலிருந்து விடுபட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அது காய்ந்துபோகும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ந்துவிட்டால் மறுபடி தெளித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இப்போது மடித்த துணியைப் பரப்பின் மேல் வைத்து, உள்ளங்கையை விரித்தபடி அதன் மேல் வையுங்கள். விரல் நுனிகளால் அழுத்த வேண்டாம், அழுத்தம் அந்த ஐந்து புள்ளிகளில் குவிந்துவிடும். துணியின் சொந்த எடையே போதும் என்ற எண்ணத்தோடு, நகரும் திசையில் இருக்கும் விளிம்பைச் சற்று மேலே தூக்கியபடி, ஒரே நேர்கோட்டில் ஒரு முறை இழுத்துவிட்டு எடுத்துவிடுங்கள். முன்னும் பின்னுமாக இழுக்கவே கூடாது. எடுத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் நடுப்பகுதியைவிட முன் விளிம்பை ஒட்டிய இடத்தில் ஒரு பழுப்புப் பட்டை படிந்திருப்பது தெரியும். ஏறக்குறைய எல்லா அழுக்கையும் அந்த விளிம்புதான் வாங்குகிறது. ஆகவே ஓரிரண்டு இழுப்புகளுக்கு ஒரு முறை முகத்தை மாற்றுங்கள். எட்டு முகமும் தீர்ந்தால் துணியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். கீழே விழுந்த துணி, ஒரு நொடிதான் தரையில் கிடந்தது என்றாலும், அன்றைய வேலைக்கு மறுபடி ஆகாது.

அழுக்கு போன இடத்தில் மெல்லிய ஈரப்படலம் ஒன்று மீதம் இருக்கும். அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் லேசாகத் துடைத்துவிட்டால் பளபளப்பு வந்துவிடும். அதற்குப் பிறகே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். கூரை, ஜன்னல்கள், பானட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். டிக்கியையும் பின்பக்கத்தையும் அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது பின்புறம் உண்டாகும் காற்றுச் சுழல் தூசியை உள்ளிழுப்பதால், செங்குத்தான பின்பக்கம் கொண்ட கார்களில் அங்கேதான் அழுக்கு அதிகம் சேர்கிறது. அங்கே இரண்டு முறை தெளிக்க நேரலாம். கதவுகளின் அடிப்பகுதி எப்போதும் கடைசியில்தான்.

முன்புறக் கண்ணாடிக்கு மட்டும் இந்தத் திரவத்தை நான் பயன்படுத்துவதில்லை. இதிலுள்ள மெழுகுத் தன்மை கண்ணாடியில் படிந்தால், மழையில் வைப்பர் ஓடும்போது மங்கலாகப் பூசினாற்போல் இழுத்து, எதிரே வரும் விளக்கொளியைச் சிதறடிக்கிறது. அதற்கெனத் தனிக் கண்ணாடித் திரவமும் தனித் துணியும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பிடிவாதமான கறைகள்

பறவை எச்சத்தையும் பூச்சிகள் மோதிக் காய்ந்த கறையையும் ஒருபோதும் நகத்தால் சுரண்டாதீர்கள். திரவத்தில் நனைத்த ஒரு துணுக்குத் துணியை அதன் மேல் போர்த்தி மூன்று நான்கு நிமிடம் விட்டுவிட்டால் இளகிவிடும். பிறகு துணியை அப்படியே கிள்ளித் தூக்குங்கள், இழுக்காதீர்கள். எச்சம் அமிலத் தன்மை கொண்டது, வெயிலில் கிளியர் கோட்டை அரிக்கக்கூடியது. எனவே அதைக் கண்ட அன்றே எடுத்துவிட வேண்டும். தார்ப் புள்ளிகளுக்கும், உப்புத் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளை வளையங்களுக்கும் இந்த ஸ்ப்ரே பலன் தராது. அவற்றுக்கென்று வேறு திரவங்கள் உண்டு. இதையே ஊற்றி ஊற்றித் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

சக்கரங்களை எல்லாவற்றுக்கும் பிறகு, அவை முழுவதும் ஆறிய நிலையில் செய்யுங்கள். பிரேக் தேய்மானத்தால் உதிரும் தூள் உலோகத் துகள் நிறைந்தது என்பதால் அந்தத் துணிகளை வண்டியின் உடம்புக்கு மறுபடி கொண்டுவரவே கூடாது. வழுக்கும் திரவம் பிரேக் டிஸ்க்கின் மேல் படாமலிருக்க, சக்கரத்தின் மேல் நேரடியாகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். டயரின் தரையைத் தொடும் பகுதிக்கும் இது கூடாது.

முடித்தபின் மங்கலான திட்டுகள் தெரிந்தால், பெரும்பாலும் மெருகேற்றிய துணி ஏற்கெனவே ஈரமாகிவிட்டது என்று பொருள். மேலும் திரவம் தெளிக்காமல், வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த சுத்தமான துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் ஒரு முறையும் துடைத்தால் சரியாகிவிடும்.

துணிகளை அன்றே அலசிவிடுவது நல்லது. மற்ற உடைகளோடு, குறிப்பாகப் பருத்தித் துணிகளோடு சேர்த்தால் நூல் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் இழைகளின் மேல் படிந்து அவற்றின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்; கொதிக்கும் நீரும் சூடான இஸ்திரியும் இழைகளையே கெடுத்துவிடும். மிதமான வெந்நீரில், கொஞ்சம் திரவச் சோப்பு போட்டு, சக்கரத் துணிகளைத் தனியே துவைத்துக் காயவைத்து, மூடியுள்ள ஒரு டப்பாவில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது ஒவ்வொரு துணியையும் உதறி, கன்னத்தில் ஒரு தடவை தடவிப் பாருங்கள். உள்ளங்கைக்குத் தெரியாத சிறு மணலும் கன்னத்தில் உறுத்தும். உறுத்தும் துணியைச் சக்கரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.