செஸ்ல குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட்ங்கிற ஓப்பனிங் (ஆட்டத்தோட தொடக்க மூவ்கள்) புரியணும்னா கருப்போட அந்த சி8 பிஷப்ப பாருங்க

1. டி4 டி5 2. சி4, வெள்ளை ஒரு சிப்பாய நீட்டுது, நாம, அதாவது கருப்பு, 2...இ6 ஆடி வேணாம்னு சொல்லிட்டு டி5-க்கு முட்டு குடுக்குறோம், அவ்ளோதான் ஓப்பனிங். எடுத்தா தப்பில்ல, அது வேற லைன், ஆனா எடுத்த சிப்பாய புடிச்சு வச்சுக்க முடியாது, நடு சென்டரும் லூசாகிடும்.

இ6-க்கு ஒரு விலை இருக்கு. சி8 பிஷப் சொந்த சிப்பாய்க்கு பின்னாடியே மாட்டிக்கும். கருப்பு ஆடுற பாதி மூவ் இத வெளிய கொண்டு வரத்தான். பி6 ஆடி பி7-ல உக்கார வைக்கலாம், அதான் டார்டகோவர் வேரியேஷன். இல்லனா வெள்ளை டி3-க்கு பிஷப்ப கொண்டு வர்ற வரைக்கும் பொறுமையா இருந்து, வந்ததும் சி4-ல வெட்டுங்க, திருப்பி வெட்ட அதே பிஷப் திரும்ப நகரணும்ல, நமக்கு ஒரு மூவ் லாபம், அப்புறம் சி5 இல்ல இ5 தள்ளி வழிய திறந்துக்கலாம்.

ஒரு ட்ராப் கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்கோங்க, பேரு எலிஃபண்ட் ட்ராப். 3. குதிரை சி3, குதிரை எஃப்6 4. பிஷப் ஜி5, பி8 குதிரை டி7 5. சி சிப்பாய் டி5-ல வெட்டு, இ சிப்பாய் திருப்பி வெட்டு. இப்போ எஃப்6 குதிரை 'பின்' (pin) ஆகி இருக்கு, அதாவது நகர்ந்தா பின்னாடி இருக்குற ராணி போயிடும், டி5 சும்மா கெடக்குன்னு வெள்ளை 6. குதிரையால அத எடுத்தா நாம பின்ன கண்டுக்காம குதிரையால குதிரைய வெட்டுறோம்! அவன் டி8-ல ராணிய எடுப்பான், நாம பிஷப் பி4 செக். ராணிய டி2-ல குறுக்க வைக்கிறத தவிர அவனுக்கு வழியே இல்ல, அத வெட்டிட்டு, ராஜா நம்ம பிஷப்ப எடுத்ததும் நம்ம ராஜாவால டி8 பிஷப்ப எடுத்துட்டா கணக்குல நமக்கு ஒரு குதிரை எக்ஸ்ட்ரா, அவனுக்கு ஒரே ஒரு சிப்பாய்தான்.

இந்த ஓப்பனிங் போரிங்னு சொல்றவங்க இருக்காங்க. 1927-ல கேபபிளாங்காவும் அலெக்கைனும் ப்யூனஸ் அயர்ஸ்ல உலக சாம்பியன் பட்டத்துக்காக ஆடுன 34 கேம்ல 32 இதுதான், அதனால அந்த பேரு வந்ததுல ஆச்சரியம் இல்ல.

வெள்ளை சீக்கிரமே டி5-ல வெட்டி எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் ஆடுனா பிஷப்புக்கு வழி கெடைச்சிடும், ஆனா பிரச்சன இடம் மாறும். ரூக்க பி1-ல வச்சு பி4, பி5-ன்னு தள்ளிட்டு வருவான், இதுதான் மைனாரிட்டி அட்டாக் (கம்மி சிப்பாய்கள வச்சு அதிக சிப்பாய்கள தாக்குறது), நம்ம சி6 சிப்பாய பலவீனமாக்குறது தான் குறி. அங்கயே உக்காந்து காவல் காக்காதீங்க, குதிரைய இ4-ல ஏத்தி ராஜா பக்கம் போங்க, அவன் பி5 வர்றதுக்குள்ள.