சண்டைக்கு அடுத்த இதழை எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதிப் பார்க்கிறவர்களில் பலருக்குச் சண்டைக் காட்சி ஓரளவு கைகூடிவிடுகிறது. அதற்கு அடுத்த இதழில்தான் தடுமாற்றம். யாரோ செத்துப் போயிருக்கிறார்கள், யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், ஹீரோ வீட்டுக்குத் திரும்ப வேண்டும், இப்போது என்ன எழுதுவது?

உடனே கைக்கு வருவது பழிவாங்கல். வில்லனைத் தேடிப் போய் அடித்தால் பக்கமும் நிறையும், வாசகருக்கும் விறுவிறுப்பு. 1973-ல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121, 122 இதழ்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் கில் கேன். 121-ல் வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனான பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். பீட்டர் வலை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான், காப்பாற்றிவிட்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு மேலே இழுக்கிறான், பார்த்தால் அவள் உயிரோடு இல்லை. கழுத்தருகே 'ஸ்னாப்' என்று ஒரு சின்ன ஒலிக்குறிப்பு மட்டும் போட்டிருப்பார்கள். அப்படியானால் கொன்றது வில்லனா, இவன் வீசிய வலையா? வாசகர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

122-ல் பழிவாங்கலும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடித்துக் கொல்லப் போன பீட்டர் கடைசி நொடியில் கையை நிறுத்திக்கொள்கிறான், காப்ளின் தான் ஏறிப் பறக்கிற கிளைடராலேயே குத்துப்பட்டுச் சாகிறான், அதைப் பார்த்து நிற்கிற பீட்டருக்கு ஒரு திருப்தியும் வரவில்லை. வெறுமைதான். வில்லன் செத்த பக்கத்தில் கதையை முடிக்காமல், அதற்குப் பிறகும் பீட்டரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அங்கேதான் இந்த இதழ் நிற்கிறது.

அடுத்து, துக்கத்தில் இருப்பவனை உத்தமனாகக் காட்டுவது. அடி வாங்கியவர்கள் எல்லோரும் அமைதியாகக் கண்ணீர் விடுவதில்லை, சிலர் பக்கத்தில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுவார்கள். இதே 122-ல் நண்பன் ஹாரி உடம்பு முடியாமல் கிடக்கிறான், என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிறான், பீட்டர் விட்டுவிட்டுப் போகிறான். கடைசிப் பக்கத்தில் ஆறுதல் சொல்ல வந்த தோழி மேரி ஜேனிடம், உன் அம்மா செத்தால்கூட நீ வருத்தப்பட மாட்டாய் என்கிற மாதிரிப் பேசுகிறான். எப்போதும் ஆட்டம் பாட்டம் என்று திரிகிற பெண் அவள். அழுதுகொண்டே கதவுவரை போகிறாள், திறக்கிறாள், நிற்கிறாள், பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்துவிடுகிறாள். வசனமே கிடையாது, கதவு மூடும் சத்தம் மட்டும்தான். நாமாக இருந்தால் இந்த இடத்தில் மூன்று பலூன் நிறைய வசனம் எழுதி, போதாதென்று மேலே ஒரு கேப்ஷனும் போட்டிருப்போம். (தயவுசெய்து மழையையும் வரைய வேண்டாம். போதும்.)

இதைவிடப் பெரிய தவறு வேறு ஒன்று: அடிபட்டவரை விட்டுவிட்டு, அவருக்கு வேண்டியவர்களின் வேதனையை மட்டும் எழுதுவது. 1988-ல் ஆலன் மூரும் பிரையன் போலண்டும் செய்த 'தி கில்லிங் ஜோக்' என்ற பேட்மேன் கதையில் வில்லன் ஜோக்கர், முன்பு பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனைச் சுடுகிறான், அவளால் அதன்பின் நடக்க முடிவதில்லை. போலீஸ் கமிஷனரான அவள் அப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கத்தான் சுடுகிறான். ஓவியம் அபாரம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கதை முழுக்க அப்பா, பேட்மேன், ஜோக்கர் பக்கமே ஓடுகிறது, பார்பராவுக்குச் சில பக்கங்கள்தான். அந்தக் குறையைச் சரிசெய்தவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும். 1989-ல் 'சூசைட் ஸ்குவாட்' தொடரில் அவளை ஆரக்கிளாக, அதாவது கம்ப்யூட்டர் வழியாகத் தகவல் திரட்டித் தருகிறவளாகக் கொண்டுவந்தார்கள், 1996-ல் ஒரு சின்னக் கதையில் அவள் எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்பதைக் காட்டினார்கள். சக்கர நாற்காலி, உடற்பயிற்சி, கோபம், நூலகராக இருந்தபோது கற்ற கம்ப்யூட்டர் அறிவு, கம்புச் சண்டைப் பயிற்சி என்று அவளுடைய நாட்கள் அவளுடையவையாகவே நகர்கின்றன. எழுதும்போது உங்கள் கதையில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடிபட்டவருக்கு எத்தனை பேனல் (படக் கட்டம்), அவருக்காக வருந்துகிற ஹீரோவுக்கு எத்தனை?

அப்புறம், ஒரே இதழில் ஆற்றிவிடுவது. ஒரு டாக்டர், ஒரு ஆறுதல் பேச்சு, ஒரு சூரிய உதயம், அடுத்த மாதம் ஹீரோ பழையபடி ஜோக் அடிக்கிறார். 2011-ல் பார்பரா மறுபடி நடக்க ஆரம்பித்து பேட்கேர்ளாகத் திரும்பியபோது, கெயில் சிமோன் எழுதிய முதல் இதழிலேயே ஒரு வில்லன் அவளுடைய வயிற்றைக் குறிவைத்துத் துப்பாக்கியை நீட்டுகிறான், முன்பு குண்டு பாய்ந்த அதே இடம். உடம்பு தேறியாயிற்று, பயிற்சியும் முடிந்தாயிற்று, ஆனாலும் விறைத்துப்போய் நிற்கிறாள். அந்த நேரத்தில் வில்லன் தான் கொல்ல வந்த ஆளைக் கொன்றுவிடுகிறான், அங்கிருந்த போலீஸ்காரியோ பேட்கேர்ளைப் பார்த்துக் கொலைகாரி என்று கத்துகிறாள்.