ஸாபாயோனே: முட்டை ஓடுதான் அளவுக் கரண்டி

ஸாபாயோனே என்ற இந்த இத்தாலிய நுரை இனிப்புக்கு வேண்டியது முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, மர்சாலா ஒயின். மூன்றே பொருள், பால் கூடக் கிடையாது. ஆனால் முதல் தடவை நான் கிண்டி இறக்கியது இனிப்பான முட்டைப் பொடிமாஸ்! அடியில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததுதான் காரணம். அதனால் சூட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட இத்தாலியில், பியட்மாண்ட் பகுதியில் பேர்போன இனிப்பு இது. டூரினில் இருந்த பாஸ்குவாலே பைலோன் என்ற துறவியின் பெயர்தான் மருவி ஸாபாயோனே ஆனது என்பார்கள். கதைதான், நம்புவது உங்கள் இஷ்டம். மர்சாலா வருவதோ நாட்டின் மறுகோடியிலிருந்து, சிசிலித் தீவின் மேற்குக் கரையிலிருந்து. அது கிடைக்காவிட்டால் மொஸ்காத்தோ போன்ற இனிப்பு ஒயினும் சரிதான், பியட்மாண்டிலேயே அப்படிச் செய்கிறார்கள்.

முட்டையைக் கழுவிவிட்டு உடையுங்கள், பாதி ஓட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மஞ்சள் கருவுக்குப் பாதி ஓடு நிறையச் சர்க்கரை, பாதி ஓடு ஒயின், இதுதான் பழைய கணக்கு. நான்கு கருவுக்குச் சுமார் 80 கிராம் சர்க்கரை, 80 மில்லி மர்சாலா வரும், நான்கு பேர் சாப்பிடலாம். வெள்ளைக் கருவை நாளைய ஆம்லெட்டுக்கு எடுத்து வையுங்கள்.

குழிவான எவர்சில்வர் கிண்ணத்தில் கருவையும் சர்க்கரையையும் போட்டு உடனே விஸ்க்கால் (முட்டை அடிக்கும் கம்பி மத்து) அடிக்க ஆரம்பித்துவிடுங்கள். போட்டுவிட்டுப் போன் பேசப் போனால் சர்க்கரை கருவின் ஈரத்தை இழுத்து, கரையாத சின்னச் சின்னக் கட்டிகளாகிவிடும். நிறம் வெளுத்ததும் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள்.

இப்போது ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வைத்து, ஆவி மட்டும் மெல்ல எழும்படி தீயைக் குறைத்துவிட்டு, மேலே கிண்ணத்தை உட்கார வையுங்கள், அதன் அடி தண்ணீரில் படவே கூடாது. அப்புறம் கை நிற்கக் கூடாது. ஓரத்தில்தான் முதலில் வேகும், அதனால் ஓரத்தை வழித்து வழித்து அடியுங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி பெரிய பெரிய குமிழி வரும், நாலைந்து நிமிடத்தில் அவை பொடியாகும், மூக்கில் ஏறிய ஒயின் நெடி அடங்கி வாசனை மட்டும் நிற்கும், கை வலிக்க ஆரம்பிக்கும்போது, அதாவது எட்டுப் பத்து நிமிடத்தில், கலவை மூன்று மடங்கு பொங்கியிருக்கும். விஸ்க்கைத் தூக்கிப் பாருங்கள், நாடா போல மடிந்து விழுந்து அந்தத் தடம் ஓரிரு நொடி மேலே நின்றால் இறக்கிவிடலாம். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: 75 முதல் 80 டிகிரி செல்சியஸ்.

நடுவில் ஓரத்தில் திப்பித் திப்பியாகத் தெரிந்தால் பதறாமல் கிண்ணத்தைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து அடித்துக்கொண்டே இருங்கள். லேசான திப்பி என்றால் வடிகட்டிக் காப்பாற்றலாம். முழுக்கத் திரிந்துவிட்டால், என்னைப் போலப் பொடிமாஸ் சாப்பிட வேண்டியதுதான்.

இதை வைத்திருந்து சாப்பிட முடியாது, நேரமானால் நுரை இறங்கி ஒயின் அடியில் தங்கிவிடும். எனவே சூட்டோடு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, ஸ்ட்ராபெர்ரியோ அத்திப்பழமோ போட்டு, லேடிஃபிங்கர் பிஸ்கட்டை (வெண்டைக்காய் இல்லை!) தோய்த்துச் சாப்பிடுங்கள். ஆல்கஹால் முழுவதும் ஆவியாகாது, குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.