மருந்துச் சீட்டில் நடையையும் எழுதுங்கள்

பவானியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். புதிதாகக் கிளினிக் தொடங்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எழுதும்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று குறிக்கிறோம். உடற்பயிற்சிக்கு மட்டும் "நல்லா நடங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அளவு சொல்லாமல் கொடுத்தால் எந்த மருந்தைத்தான் ஒழுங்காக எடுத்துக்கொள்வார்கள்?

முதலில் இரண்டு கேள்வி. கொஞ்சம் மூச்சு வாங்கும்படியான நடையோ வேலையோ வாரத்தில் எத்தனை நாள்? அந்த நாட்களில் எத்தனை நிமிடம்? இரண்டையும் பெருக்கி, பிரஷர் எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

"நாள் முழுக்க வேலைதானுங்க டாக்டரம்மா, இதுக்கு மேல எங்க நடக்கறது?" என்பார்கள். மறுத்துப் பேசாதீர்கள், என்ன வேலை என்று கேளுங்கள். குழித்தறியில் ஜமக்காளம் நெய்பவருக்குக் கையும் காலும் ஓய்வதில்லை. அவருக்கு வேண்டியது நடுநடுவே எழுந்து முதுகை நிமிர்த்துவதும், தொடைத் தசைக்கான பயிற்சியும். தையல்காரர், கல்லாவில் உட்காருபவர், பஸ் டிரைவர் கதை வேறு. டிரைவர்களிடம் நான் லண்டன் பஸ் ஆய்வைச் சொல்வதுண்டு. ஜெர்ரி மாரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம் இருந்தது. தன் தொழிலை வைத்தே சொல்வதால் கவனமாகக் கேட்கிறார்கள்.

அடுத்து, யாரை உடனே நடக்க அனுப்பக்கூடாது என்று பாருங்கள். நடந்தால் நெஞ்சு வலி, மயக்கம், கட்டுக்கடங்காத பிரஷர் இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது, சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம்; சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரைக்காரர் என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும், விரலிடுக்கு உட்படப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சின்னக் கல் குத்தினாலும் தெரியாது, அது புண்ணாகிவிடும். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கிய பிறகு நடக்கட்டும். தயவுசெய்து இந்த ஒன்றில் அவசரப்படாதீர்கள்.

இப்போது சீட்டை எடுங்கள். "நடை, 10 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின், வாரம் 5 நாள்" என்று தமிழில், மாத்திரைகளுக்கு மேலே எழுதுங்கள். வேகத்துக்கு எளிய அளவு ஒன்று உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். வயதானவர்களுக்கு, சுவரோரம் போட்ட நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதையும் சேர்த்து எழுதுங்கள். 65 வயதுக்கு மேல் தசைவலுவும் சமநிலையும் விழாமல் காக்கும்.

எங்கே நடப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள், பெண்களிடம் குறிப்பாக. விடியற்காலையில் சமையல், தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இருட்டினால் தெருநாய். "காலையில பார்க்குக்குப் போங்க" என்பது அவர்களுக்கு உதவாத யோசனை. மொட்டைமாடி போதும். சங்கமேஸ்வரர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறேன் என்று ஒரு அம்மா சொன்னார், அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை வரும்போது பிரஷர் பார்க்கும் முன் நடையைக் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் திட்ட வேண்டாம், எது தடுத்தது என்று கேளுங்கள். முழங்கால் வலியா, நேரமா, வெட்கமா? அதற்கேற்ப அளவைக் குறையுங்கள். 150 நிமிடம் எட்டாவிட்டாலும் சும்மா இருப்பதைவிடப் பலன் உண்டு. பத்து நிமிடத்தை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதி, இரண்டு வாரத்தில் வரச் சொல்லுங்கள்.