சண்டை கேமில் நான் எந்த லெவல்? ஒரு தாள், ஒரு பேனா, ஐந்து தோல்விகள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் முதன்முறையாக ரேங்க்டு (தரவரிசைப் புள்ளிக்காக ஆடும் மேட்ச்) ஆடப் போகும்போது கேமே ஒரு கேள்வி கேட்கும். இந்த வகை கேம்கள் உங்களுக்கு எவ்வளவு பழக்கம்? நான் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய நண்பர்கள் எல்லாரையும் புரட்டி எடுத்தவன் என்கிற தெம்பில், நடுத்தரம் என்று தட்டிவிட்டேன். அடுத்து வந்த 10 தகுதி மேட்சில் 8 தோல்வி. ஜெயித்த இரண்டில் ஒன்று எதிராளியின் இணைப்பு அறுந்ததால் கிடைத்தது.

அந்தக் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்ல எனக்கு அப்புறம் ஒரு மாதம் பிடித்தது. நீங்கள் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். தேவையானவை: நீங்கள் ஆடும் கேம், அதில் சேமிப்பாகியிருக்கும் ரீப்ளேக்கள் (ஆடிய மேட்சின் பதிவுகள்), ஒரு தாள், ஒரு பேனா. உதாரணமெல்லாம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-லிருந்து, நான் ஆடும் பாத்திரமான ரியூவை வைத்துத் தருகிறேன். டெக்கன், கில்டி கியர் ஆடுகிறவர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ரேங்க் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

ரூக்கி, அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், மாஸ்டர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் இதுதான் வரிசை. மாஸ்டருக்குக் கீழே உள்ள ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள். 25,000 புள்ளி சேர்ந்தால் மாஸ்டர். ரேங்க் ஆளுக்கு அல்ல, பாத்திரத்துக்கு. ரியூவில் டைமண்ட் ஆனவர் நேற்று கையில் எடுத்த ஸேங்கீஃபில் கோல்டாக இருக்கலாம். அதனால் "இவன் கோல்டுதான்" என்று எதிராளியை எடைபோட்டு ஏமாறாதீர்கள்.

கீழ்நிலைகளில் கேம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொள்ளும். தொடர்ந்து ஜெயித்தால் கூடுதல் புள்ளி உண்டு. பாதிக்குப் பாதி ஜெயிக்கிறவர்கூட நிறைய ஆடினால் மெல்ல மேலே ஏறிவிடுவார். மாஸ்டரை ஒருமுறை தொட்டால் அங்கிருந்து கீழே இறக்கவும் மாட்டார்கள். ஆகவே ரேங்க் என்பது பாதி திறமை, பாதி வருகைப் பதிவேடு.

மாஸ்டருக்குள் போனபின் 1500-ல் தொடங்கும் வேறொரு எண் தருவார்கள். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். சதுரங்கத்தில் அர்பாட் ஈலோ வகுத்த புள்ளி முறையைப் போன்றது இது. ஈலோ கணக்கில் 200 புள்ளி அதிகம் உள்ளவர் நாலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பார் என்பது எதிர்பார்ப்பு. இந்த மாதிரி எண் கொஞ்சம் நேர்மையானது. ஆனால் அதுவும் யார் ஜெயித்தார் என்பதை மட்டும்தான் சொல்லும். எதனால் என்று சொல்லாது.

தாளில் முதல் வரியாக உங்கள் ரேங்கை எழுதிவிட்டு நகருங்கள்.

படி 2: ஒரு ராத்திரியை வைத்து முடிவு கட்டாதீர்கள்

10 மேட்சில் 6 ஜெயித்தால் நாம் தேறிவிட்டோம் என்று தோன்றும். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழ 38 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நாணயத்துக்கு ஷோர்யூக்கன் (மேலே எழும்பிக் குத்தும் ரியூவின் அடி) போடத் தெரியாது. அதுவே 100 முறை சுண்டி 60-க்கு மேல் தலை விழுவது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வெற்றி விகிதம் பார்ப்பதென்றால் ஒரே பாத்திரத்தில் 100 மேட்ச் ஆடிவிட்டுப் பாருங்கள். அதற்குள் 'லேக்' (இணையத் தாமதம்) என்று பழி போடவும் வாய்ப்பு வரும். வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்து ஆடினால் அந்தச் சாக்கு குறையும்.

படி 3: தோற்ற ஐந்து மேட்சை எடுத்து எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

ஜெயித்த ரீப்ளேயைப் பார்ப்பது சுகம். அதனால் பயனில்லை என்பது என் கட்சி. தோற்றவற்றில் கடைசி ஐந்தை எடுங்கள். பொறுக்கி எடுக்க வேண்டாம், பொறுக்கினால் நமக்குச் சாதகமாகத்தான் பொறுக்குவோம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது, எதிராளி நம்மை நோக்கிக் குதிக்கும் தருணங்கள். குதிப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், எண்ணுவது சுலபம், மருந்தும் எல்லா பாத்திரத்திடமும் உண்டு. தாளில் மூன்று கட்டம்: அடித்து இறக்கினேன், தடுத்தேன், அடி வாங்கினேன்.

என் ஐந்து தோல்விகளில் எதிராளிகள் குதித்தது 41 முறை. அடித்து இறக்கியது 9. தடுத்தது 17. அடி வாங்கியது 15. ஆன்டி-ஏர், அதாவது குதித்து வருபவரை அடித்து இறக்குவது, எனக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இப்போது தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போங்கள். குதிப்புக்கு ஒரு விநாடி முன்பிருந்து ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு குறி எழுதுங்கள். என்ன செய்வதென்றே தெரியாவிட்டால் 'தெ'. தெரிந்தும் கை பிசகியிருந்தால் 'கை'. குதிப்பதைப் பார்க்கவே இல்லை, அல்லது தாமதமாகப் பார்த்தேன் என்றால் 'கண்'.

எனக்கு வந்தது இது: 32 தவறில் 2 'தெ' (தலைக்கு மேலே தாண்டிப் பின்பக்கம் விழுகிறவனை என்ன செய்வது?), 6 'கை', 24 'கண்'. கண் இவ்வளவு மோசமா என்று சந்தேகம் வந்தது. ஏனென்றால் கணக்கு உதைத்தது. இந்தக் கேம் விநாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) ஓடுகிறது. ஒருவர் தரையை விட்டு எழும்பி நம் மேல் வந்து இறங்கக் கிட்டத்தட்ட முக்கால் விநாடி ஆகும், அதாவது 45 ஃப்ரேம். கண்ணில் பட்டு விரல் அசைய நம்மைப் போன்றவர்களுக்குக் கால் விநாடி, சுமார் 15 ஃப்ரேம். எப்படிப் பார்த்தாலும் நேரம் மிச்சம் இருக்கிறது.

அதனால் அந்த 24-ஐயும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றைச் சொல்கிறேன். கடிகாரத்தில் 71. நானும் எதிராளி ஆடும் கென்னும் பாதித் திரை தூரத்தில். ரியூ ஒரு ஹடோகென் (கையிலிருந்து பாயும் நெருப்புருண்டை) விடுகிறான், கென் தடுக்கிறான். ரியூ அரை அடி பின்னால் நகர்கிறான். இன்னொரு ஹடோகென், கென் தடுக்கிறான். மறுபடி அரை அடி பின்னால். இந்த முறை ரியூவின் கைகள் இடுப்புக்குப் போகும்போதே கென் தரையில் இல்லை. ஹடோகென் போட்டு ரியூ நிதானத்துக்கு வரவே முக்கால் விநாடி ஆகும். கென் அவன் தலைமேல் உதைக்கும்போது நெருப்புருண்டை பாட்டுக்கு யாரும் இல்லாத திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா என்பதே அங்கே கேள்வி இல்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஹடோகென், அரை அடி, ஹடோகென், அரை அடி என்று நான் தாளம் போட்டிருக்கிறேன், அவர் தாளத்துக்கு ஆடியிருக்கிறார். 24-ல் 15 இப்படி. அவற்றின் பக்கத்தில் இருந்த 'கண்'ணை அடித்துவிட்டு நாலாவதாக ஒரு குறி சேர்த்தேன்: 'தலை', அதாவது யோசனையில் பிசகு. உண்மையிலேயே கண் அசந்தது 9 தான்.

ஆன்டி-ஏர் மோசம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஷோர்யூக்கனைத்தான் ஆயிரம் முறை பழகியிருப்பேன். வியாதி வேறு இடத்தில் இருந்தது.

நேரம் இருந்தால் இரண்டாவதாக ஒன்றையும் எண்ணலாம்: எதிராளியின் பெரிய தவறுகளுக்கு எவ்வளவு வசூலித்தீர்கள்? ஷோர்யூக்கனை நீங்கள் தடுத்துவிட்டால், போட்டவர் 20 ஃப்ரேமுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பார். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய காம்போவை (தொடர் அடி) இறக்கலாம். ட்ரெய்னிங் மோடில் 3000-க்கு மேல் எடுக்கும் காம்போவை வைத்துக்கொண்டு, மேட்சில் பதற்றத்தில் 300 புள்ளி ஜாப் (லேசான குத்து) ஒன்றைத் தட்டிவிட்டு நிற்பவர்கள் ஏராளம். அதுவும் லெவலைச் சொல்லும் இடம்தான்.

படி 4: அதே விஷயத்தை ட்ரெய்னிங் மோடில் அளந்து பாருங்கள்

படி 3-ல் கிடைத்தது மேட்ச் எண். இன்னும் இரண்டு எண் வேண்டும்.

முதலில் யாரும் தொந்தரவு செய்யாத நிலையில் ஷோர்யூக்கன் 10 முறை. அப்புறம் எதிரே நிற்கும் பயிற்சிப் பொம்மையோடு பக்கம் மாறி நின்று இன்னொரு 10. எனக்கு இடப்பக்கம் நின்றால் 10-க்கு 9, வலப்பக்கம் நின்றால் 6. இந்த 6 பல நாளாக என்னிடம் ஒளிந்துகொண்டிருந்தது. மாடர்ன் கண்ட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு ஷோர்யூக்கனை ஒரு பட்டன் அழுத்தத்தில் எடுக்கும் வசதி உண்டு, அவர்கள் காம்போவை வைத்துச் சோதிக்கலாம். அதை ஏமாற்று என்று சொல்பவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம், நேரம் வீண்.

அடுத்தது, பொம்மைக்கு மூன்று விதமான அசைவைப் பதிவு செய்யுங்கள்: முன்னால் குதிப்பது, ஹடோகென் விடுவது, முன்னும் பின்னும் சும்மா நடப்பது. மூன்றையும் மாற்றி மாற்றி வரும்படி வைத்துவிட்டு, 20 குதிப்பு வரும்வரை எதிர்கொள்ளுங்கள். எனக்கு 12.

இப்போது தாளில் மூன்று எண் இருக்கும். தனியாக 20-க்கு 15. எப்போது குதிக்கும் என்று தெரியாதபோது 20-க்கு 12. மேட்சில் 41-க்கு 9. முதல் எண்ணே குறைவென்றால் கை பழக வேண்டும், அதற்குமேல் யோசிக்காதீர்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பெரிய பள்ளம் என்றால் கண்ணுக்குப் பயிற்சி. எனக்கு இருந்ததுபோல் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பள்ளம் என்றால், மேட்சுக்குள் உங்கள் கவனத்தை வேறு ஏதோ தின்கிறது.

உங்கள் லெவல் எது என்று என்னைக் கேட்டால் மூன்றாவது எண்ணைத்தான் காட்டுவேன். அமைதியான அறையில் கை செய்வதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. அடி விழும்போது மிஞ்சுவதுதான் உங்கள் லெவல்.

படி 5: தலைக்கு ஒரு சின்னச் சோதனை

எண்ண முடியாத ஒன்றும் உண்டு. எதிராளியைப் படிப்பது. 2004-ல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி விட்ட சூப்பரை (பல அடிகள் கொண்ட பெரிய தாக்குதல்), ஒரு அடி பட்டாலும் காலி என்ற நிலையில் இருந்த டைகோ உமேஹரா கடைசி அடிவரை பேரி செய்த (அடி படும் கணத்தில் தட்டிவிட்ட) காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கை வேகம் என்று எல்லாரும் வியப்பார்கள். சூப்பர் தொடங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முதல் பேரியைப் போட அங்கே நேரமே கிடையாது. இப்போது விடப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். அடுத்த மேட்சில் முதல் ரவுண்டு முடிந்ததும் மனசுக்குள் ஒரு கேள்வி: நான் கீழே விழுந்து எழுந்தபோதெல்லாம் எதிராளி என்ன செய்தார்? த்ரோவா (பிடித்து எறிவது), அடியா, சும்மா நின்றாரா? பதில் வந்தால் நல்லது. ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றால் இன்னும் உங்கள் பாத்திரத்தை மட்டுமே பார்த்து ஆடுகிறீர்கள். தொடக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். டெக்கன் 8 ஆடுபவர்களுக்கு ஒரு வசதி: ரீப்ளே ஓடும்போதே நடுவில் கண்ட்ரோலை நம் கைக்கு மாற்றிக்கொண்டு, அதே இடத்திலிருந்து வேறு வழி முயன்று பார்க்கலாம்.

படி 6: பதிலை எழுதுங்கள்

'தொடக்கநிலை', 'நடுத்தரம்' என்று எழுதாதீர்கள். அந்தச் சொற்களை வைத்து நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. நான் எழுதியது இப்படி: "ரியூ, சில்வர் 4. குதிப்பவரை ஐந்தில் ஒருவரைத்தான் இறக்குகிறேன். காரணம், தாளம் தப்பாமல் ஹடோகென் விடுவது. வலப்பக்கம் நின்றால் கையும் தகராறு." இதை ஒரு அனுபவசாலியிடம் காட்டினால் இரண்டு நிமிடத்தில் வழி சொல்லிவிடுவார். "நான் நடுத்தரம், எப்படி முன்னேறுவது?" என்று கேட்டால் அவரும் பாவம் என்னதான் சொல்வார்?

தாளில் தேதி போட்டு வையுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி ஐந்து தோல்வி, அதே கட்டங்கள். நான் செய்தபோது குதிப்பே 23 தான் இருந்தது, 11-ஐ இறக்கியிருந்தேன். முதல் இரண்டு முறை அடி பட்டதும் பலர் குதிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ரேங்க் என்னவோ சில்வர் 5 தான், ஒரே ஒரு படி. ஏனென்று பார்த்தால், குதிப்பதை விட்டவர்கள் எல்லாரும் நடந்து வந்து த்ரோ போட்டிருக்கிறார்கள். ஐந்து மேட்சில் 19 த்ரோ, நான் உடைத்தது (பிடியிலிருந்து தப்பியது) 2. புதுத் தாளில் முதல் வரி அதுதான்.