புதிய வரைகலை வடிவமைப்பாளர் தன் பின்னணியையும் அணுகுமுறையையும் எழுதும் முறை

வரைகலை வடிவமைப்பில் முதல் வேலைக்கோ பயிற்சிப் பணிக்கோ விண்ணப்பிப்பவர், போர்ட்ஃபோலியோவின், அதாவது தன் வேலைகளின் தொகுப்பின், தொடக்கத்தில் தன்னைப் பற்றி ஓரிரு பத்திகள் எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலானோர் அதைக் கடைசி நேரத்தில் எழுதுகிறார்கள். சிறுவயது முதலே வரைவதில் ஆர்வம் இருந்ததாகத் தொடங்கி, எளிமையும் புதுமையும் கலந்த வடிவமைப்பே தங்கள் நோக்கம் என்று முடிக்கிறார்கள். எந்த விண்ணப்பதாரரின் பெயருக்குக் கீழே வைத்தாலும் இந்த வாக்கியங்கள் பொருந்திவிடும் என்பதே இவற்றின் குறை. இவர் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார், அப்படிப் பார்க்கும் பழக்கம் இவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் படிப்பவர் அறிய விரும்புகிறார்.

ஆகவே, பின்னணியிலிருந்து தொடங்காமல், செய்து முடித்த வேலைகளிலிருந்து தொடங்குவது நல்லது. நான்கைந்து வேலைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: கேட்கப்பட்டது என்ன, கையைக் கட்டிப்போட்ட நிபந்தனை எது, நீங்கள் வரைந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியது எது. இவற்றுள் மூன்றாவதே மிக முக்கியமானது, ஏனெனில் இறுதி வடிவத்தை எல்லோரும் காட்டுவார்கள், ஆனால் ஒதுக்கியதையும் ஒதுக்கியதற்கான காரணத்தையும் சொல்ல முடிந்தவரிடம்தான் தேர்ந்தெடுக்கும் பார்வை இருப்பது தெரியவரும். பழைய ஓவியங்களையும் முதல் வரைவுகளையும் அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதன் பயன் இந்த இடத்தில்தான் விளங்கும்.

குறிப்புகளை அருகருகே வைத்துப் படித்தால், திரும்பத் திரும்ப வரும் ஏதோ ஒன்று கண்ணில் படும். ஒரு கருத்தரங்கின் போஸ்டர், ஒரு நூலகத்தின் வழிகாட்டிப் பலகைகள், ஒரு மருந்துப் பெட்டியின் மேலட்டை ஆகிய மூன்றையும் ஒருவர் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் அவர் நிறத்தைக் கடைசியில்தான் சேர்த்திருக்கிறார். முதலில் கறுப்பு வெள்ளையிலேயே எழுத்தின் அளவையும் தடிமனையும் மட்டும் மாற்றி, எது முதலில் படிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்த்திருக்கிறார். இதுதான் அவருடைய அணுகுமுறை. அதை 'எழுத்தின் வரிசை சரியாகும் வரை நான் நிறத்தைத் தொடுவதில்லை' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். புதியவருக்கென்று ஒரு தனித் தத்துவம் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு வேலைப் பழக்கம் தெளிவாகத் தெரிந்தாலே போதும்.

அணுகுமுறை கிடைத்த பிறகே பின்னணிக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தை விளக்குகிற அளவுக்கு மட்டுமே பின்னணி தேவைப்படும். லண்டன் சுரங்க ரயிலின் புகழ்பெற்ற வரைபடத்தை உருவாக்கிய ஹாரி பெக், அந்த ரயில்வேயின் சிக்னல் பிரிவில் தொழில்நுட்ப வரைவாளராக இருந்தவர். தரைக்கு அடியில் பயணம் செய்பவருக்கு உண்மையான தொலைவைவிட நிலையங்களின் வரிசையும் ரயில் மாறும் இடங்களுமே முக்கியம் என்று கருதி, கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றை மட்டும் கொண்டு 1931-இல் அவர் வரைந்த படம், முதலில் மறுக்கப்பட்டு, 1933-இல் பயணிகளிடம் வந்து சேர்ந்தது. மின்சுற்று வரைபடங்களில் பழகிய கண்ணுக்கு அந்த ஒழுங்கு இயல்பாகவே பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. 1984-இல் வெளிவந்த மேகின்டாஷ் கணினிக்கு ஐகான்களை வடிவமைத்த சூசன் கேர், அந்தப் பணிக்கு வரும்போது கணினி வரைகலையில் அனுபவம் இல்லாதவர். அவர் நுண்கலை படித்தவர். 32-க்கு 32 புள்ளிகள் கொண்ட சிறிய கட்டத்துக்குள் படம் அமைப்பது, மொசைக் பதிப்பதற்கும் கட்டத்துணியில் பூவேலை செய்வதற்கும் நெருக்கமானது என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

இந்த இருவரின் வாழ்க்கையில் வேறு எத்தனையோ செய்திகள் இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய வடிவமைப்பைப் புரிந்துகொள்ள மேலே சொன்ன ஒரு செய்தியே பெரிதும் உதவுகிறது. உங்களைப் பற்றியும் அப்படிப்பட்ட ஒரு செய்தியைத் தேடுங்கள். கணக்கியல் படித்தவர், அட்டவணைகளையும் எண்களையும் படிக்கத் தக்கவையாக அமைப்பதில் தனக்குள்ள பொறுமையைச் சொல்லலாம். அச்சகத்தில் வேலை பார்த்தவர், காகிதம் வெட்டப்படும்போது ஓரம் நகரும் என்பதை அறிந்து, பின்னணி நிறத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்கும் பழக்கத்தைச் சொல்லலாம். தானாகவே கற்றுக்கொண்டவர் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. எதைப் பார்த்துக் கற்றார், எதை நகலெடுத்துப் பழகினார் என்று எழுதினால் போதும். பள்ளியில் வாங்கிய ஓவியப் பரிசை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

எழுதி முடித்ததும் பெயரடைகளைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். நேர்த்தியான, நவீனமான, கண்ணைக் கவரும் போன்ற சொற்கள் படிப்பவர் சொல்ல வேண்டியவை. அவற்றின் இடத்தில் ஒரு முடிவையும் அதற்கான காரணத்தையும் வையுங்கள். 'எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பு' என்பதற்குப் பதிலாக, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற இணைய அணுகல்தன்மை நெறியைக் கடைப்பிடிக்க வேண்டியிருந்ததால், வெளிர் சாம்பல் எழுத்தைக் கைவிட்டதாக எழுதினால், பெரிய சொல் ஏதுமின்றியே உங்கள் அக்கறை தெரிந்துவிடும்.

எவர் கேட்டுச் செய்த வேலை, எது பயிற்சிக்காக நீங்களே எடுத்துக்கொண்டது, குழுவில் உங்கள் பங்கு எது என்பவற்றை மறைக்காமல் குறிப்பிடுங்கள். பயிற்சி வேலையாக இருப்பது ஒரு தாழ்வு அன்று. ஆனால் பிரபல நிறுவனத்தின் லோகோவை மாற்றி வரைந்துவிட்டு, அந்த நிறுவனம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது என்பதைத் தொடாமல் விடுவதால் அதிகப் பயன் இல்லை. அதைவிட, யாரும் கவனிக்காத ஒரு விண்ணப்பப் படிவத்தை எளிதாக நிரப்பக்கூடியதாக மாற்றிக் காட்டுவது மேல்.

தெரிந்த மென்பொருள்களை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஒன்றில் 90 சதவீதம், மற்றொன்றில் 75 சதவீதம் என்று பட்டை வரைந்து காட்டுவது வேண்டாம். எதில் 90 என்று எவராலும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதிய பத்தியும் ஒரு வடிவமைப்பாகவே பார்க்கப்படும் என்பதால், அதை அமைப்பதிலும் கவனம் தேவை. 150 முதல் 200 சொற்களுக்குள் அடக்குங்கள். தமிழில் எழுதுவதானால், மேலும் கீழும் நீளும் எழுத்துகளும் நீண்ட சொற்களும் இருப்பதால், ஆங்கிலத்துக்கென அமைத்த வரி இடைவெளியை அப்படியே பயன்படுத்தாமல் சற்றுக் கூட்டி, இருபுறமும் சமமாக நிரப்பாமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்; இல்லாவிட்டால் சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும். பிடிஎஃப் கோப்பில் எழுத்துருக்களை உட்பொதித்து (கோப்புக்குள்ளேயே சேர்த்து), உங்கள் கணினி அல்லாத வேறொரு கருவியிலும் கைபேசியிலும் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். புதிய வேலை ஒன்று சேரும்போது, பழைய குறிப்புகளோடு அதையும் வைத்துப் படித்து, அணுகுமுறை பற்றிய வாக்கியம் அதற்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மாற்ற வேண்டியது அந்த வாக்கியத்தை.