ஓடறதுக்குன்னு செஞ்ச வண்டி சென்னையில நின்னு நின்னு போகும்போது: ஸ்போர்ட்ஸ் பைக் வச்சிருக்கவங்க வீட்டிலேயே பாத்துக்க வேண்டியது

மே மாசம், கத்திரி வெயில், மத்தியானம் 2 மணி. கத்திப்பாரா இறங்கி கிண்டி பக்கம் சிக்னல்ல நிக்கறேன், வலது முட்டிக்குக் கீழ அனல் அடிக்குது. அது தினமும் அடிக்கறது தான், ஆனா அன்னைக்கு ஒண்ணு குறைஞ்சுது, இன்ஜின் சூட்டை இறக்கற ஃபேனோட சத்தம் வரல. மீட்டர்ல டெம்பரேச்சர் கட்டை ஒவ்வொண்ணா ஏறிட்டே இருக்கு. உடனே ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணி, பஸ் ஸ்டாப் நிழல்ல அரை மணி நேரம் உக்காந்துட்டு, சீட்டைக் கழட்டி ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து பாத்தா ஃபேன் ஃபியூஸ் போயிருக்கு. அதே ஆம்பியர்ல ஸ்பேர் ஃபியூஸ் ஒண்ணு பாக்ஸுக்குள்ளேயே இருந்துச்சு, மாத்தினேன், வீடு வந்து சேந்தேன். ஆனா ஃபியூஸ் சும்மா போகாது. ஞாயித்துக்கிழமை ஃபேரிங்கை (வண்டியைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் மூடி) கழட்டினப்ப தான் தெரிஞ்சுது, ஃபேனுக்குப் போற வயர் ஃப்ரேம்ல உரசி உரசி மேல்தோல் போய் செம்பு வெளிய தெரியுது. அன்னைக்கு ரோட்டுல பெரிய ஆம்பியர் ஃபியூஸோ சிகரெட் பேப்பரோ சுத்திப் போட்டிருந்தா அந்த வயர் டேங்குக்குக் கீழ எரிஞ்சிருக்கும், தயவு செஞ்சு அதை மட்டும் யாரும் பண்ணாதீங்க.

எனக்கு இத்தனை வருஷத்துல புரிஞ்சது இது தான், இந்த வண்டிங்க எல்லாம் முன்னாடி காத்து வேகமா வந்து அடிக்கும்ங்கற கணக்குல செஞ்சது, நாம ஓட்டறது ஜிஎஸ்டி ரோட்டுலயும் ஓஎம்ஆர்லயும் ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்ல, அதுக்கு மேல உப்புக்காத்து, தேங்குற தண்ணி, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு. ஓனருங்க சொல்ற புகார்ல பாதிக்கு மேல வேகத்துல வர்றது இல்ல, நிக்கறதுல வர்றது.

சூட்டுல இருந்தே ஆரம்பிக்கறேன். காலையில வண்டி ஜில்லுனு இருக்கும்போது, நேரா நிக்க வச்சு, கூலன்ட், அதான் இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி, அதோட ரிசர்வ் டேங்க்ல லெவல் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கான்னு பாருங்க. குறைஞ்சிருந்தா ரெடிமேடா கலந்து வர்ற கூலன்ட் ஊத்துங்க, கிடைக்காத அவசரத்துல டிஸ்டில்டு வாட்டர். நம்ம ஊரு போர் தண்ணி ஊத்தவே கூடாது, வீட்டுல பக்கெட்டுல வெள்ளையா படியுதே, அதே உப்பு தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். மாசா மாசம் லெவல் குறையுதுன்னா எங்கயோ கசியுது, ஹோஸ் கிளிப்பு, வாட்டர் பம்ப்புக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டை, ரேடியேட்டர் மூடி, இந்த மூணு இடத்துல காய்ஞ்ச பச்சைக் கறையோ பிங்க் கறையோ தேடுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, உள்ள இருக்கறது பிரஷர்ல இருக்கு, அதனால தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்குது, மூடியைத் திருகின அடுத்த நொடி கொதிச்சு மூஞ்சில அடிக்கும். இன்னொண்ணு, கூலன்ட் லேசா இனிக்கும், ஆனா விஷம், கீழ சிந்தினா தெரு நாய் நக்கறதுக்குள்ள தண்ணி விட்டுக் கழுவிடுங்க. வாட்டர் வாஷ்ல அந்த கன்னை ரேடியேட்டருக்கு நேராப் புடிக்க விடாதீங்க, அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கிடும், அப்புறம் காத்தே போகாது.

அடுத்து பிரேக்கு. முன் லீவரைப் புடிச்சா பஞ்சு மாதிரி அமுங்குது, கைப்பிடி வரைக்கும் வருதுன்னா அந்த வண்டியை அன்னைக்கு வெளிய எடுக்க வேணாம். லைன்ல காத்து இருக்கும், இல்ல பிரேக் ஆயில் பழசாயிருக்கும். டாட் 4ங்கற பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், நம்ம ஊருல ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல, ஈரம் சேர சேர அது கொதிக்கிற சூடு இறங்கிட்டே வரும். சிட்டிக்குள்ள ஒண்ணும் தெரியாது. ஏலகிரி 14 வளைவோ கொல்லிமலை 70 வளைவோ இறங்கும்போது பிரேக்கை விடாம மிதிச்சுட்டே வந்தா ஆயில் கொதிச்சு உள்ள குமிழி விட்டுடும், லீவர் காலியாப் போகும். அதனால 2 வருஷத்துக்கு ஒரு தடவை, கிலோமீட்டர் ஓடலனாலும் மாத்திடுங்க, இறக்கத்துல கியரைக் குறைச்சு இன்ஜின் பிரேக்ல வாங்க. பிரேக் ஆயில் பெயின்ட்ல பட்டா பெயின்ட் உரியும், டேங்க் மேல துணி போட்டுட்டு வேலை பாருங்க. டிஸ்க்கைக் கவ்வற பேடு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு, அந்தப் பேடை வச்சிருக்கிற காலிபர் இடுக்குல டார்ச் அடிச்சாலே தெரியும், தேய்மானக் கோடு அழிஞ்சிருந்தா மாத்தணும், கிர்ருனு இரும்பு சத்தம் கேக்குற வரைக்கும் விட்டா டிஸ்க்கும் சேந்து போகும், பேடு விலை எங்க டிஸ்க் விலை எங்க.

சட்டுனு பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாமப் பாத்துக்கறது ஏபிஎஸ், அதோட லைட் சாவி போட்டதும் எரியும், வண்டி கொஞ்சம் நகந்ததும் அணையணும். அணையலனா வீல் பக்கத்துல இருக்கிற சென்சார்லயும் ஓட்டை ஓட்டையா இருக்கிற அந்த வளையத்துலயும் சேறு இருக்கான்னு பாருங்க, அடுத்து ஃபியூஸ். பிரேக் வழக்கம் போல புடிக்கும், ஆனா ஏபிஎஸ் வேலை செய்யாது, மழைல அதை ஞாபகம் வச்சு ஓட்டுங்க. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல விக்கற எல்லா புது வண்டியிலயும் ஏபிஎஸ் கட்டாயம், பழைய வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க இருக்கா இல்லையான்னு கேட்டு வாங்குங்க.

செயினைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும். எங்க தெருவுல ஒரு பையன், காலேஜ் செகண்ட் இயர், பின் வீலைத் தூக்கி நிறுத்தற பேடாக் ஸ்டாண்டுல வண்டியை ஏத்தி இன்ஜினை ஓட விட்டு கியர்ல போட்டு சுத்தற செயினைத் துணியால துடைச்சிருக்கான். துணி ஸ்ப்ராக்கெட்ல (செயின் சுத்தற பல்சக்கரம்) மாட்டி கையையும் இழுத்துடுச்சு, ஆள்காட்டி விரல் நுனி போச்சு. வீடியோல அப்படிப் பண்றாங்கன்னு தான் பண்ணினானாம். இன்ஜின் ஆஃப், நியூட்ரல், சாவி பாக்கெட்ல, வீலைக் கையால சுத்தணும், இதுல பேச்சே இல்ல.

500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழைல ஓட்டினா அன்னைக்கே, மண்ணெண்ணெய் இல்லனா செயின் கிளீனர் வச்சு நைலான் பிரஷ்ல தேய்ங்க. பெட்ரோல் வேணாம், கம்பி பிரஷ்ஷும் வேணாம், லிங்க் நடுவுல இருக்கிற ரப்பர் வளையம் கெட்டுடும், அது போனா உள்ள இருக்கிற கிரீஸ் போயிடும், செயின் ஆயுசு பாதி. காய வச்சுட்டு உள்பக்கமா லூப் (செயினுக்கு அடிக்கிற எண்ணெய்) அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. பின் டிஸ்க் மேல அட்டை வச்சு மறைச்சுட்டு அடிங்க, டிஸ்க்ல லூப் பட்டா பின் பிரேக் வழுக்கும்.

செயின் லூஸ் எவ்ளோ இருக்கணும்னு பின் வீலைத் தாங்கற ஸ்விங்ஆர்ம்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், வண்டிக்கு வண்டி மாறும், அதைப் பாருங்க. கீழ்ப்பக்கம் நடு இடத்துல விரலால மேலயும் கீழயும் தள்ளி ஸ்கேல் வச்சு அளங்க, வீலைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி நாலு இடத்துல அளங்க. ஒரு இடத்துல டைட், இன்னொரு இடத்துல லூஸுன்னா செயின் ஒரே மாதிரி இல்லாம நீண்டுடுச்சு, அட்ஜஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல. பின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாடி செயினைப் புடிச்சு இழுத்துப் பாருங்க, பல்லு பாதி தெரிஞ்சா முடிஞ்சது, செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டா மாத்தணும், செயின் மட்டும் மாத்தினா பழைய பல்லு புது செயினைத் தின்னுடும். ரொம்ப டைட்டா வைக்கறதும் தப்பு தான், பின்னாடி ஆள் ஏறி சஸ்பென்ஷன் இறங்கும்போது செயின் இன்னும் இழுபடும், கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும்.

டயர் விஷயம் சுருக்கமா. டயர் ஜில்லுனு இருக்கும்போது காத்து பாக்கணும், வாரம் ஒரு தடவை, வண்டியில போட்டிருக்கிற அளவு தான், பங்க்ல இருக்கிற பையன் சொல்ற பொது அளவு இல்ல. பக்கவாட்டுல 4 நம்பர் ஒரு சின்ன வட்டத்துக்குள்ள இருக்கும், 2323ன்னா 2023ல 23ஆவது வாரம் செஞ்சது. ஓரத்துல பஞ்சர் ஆனா ஒட்டி ஓட்டாதீங்க.

வண்டி திடீர்னு ஆஃப் ஆகுதுங்கற புகாருக்கு வர்றேன், இதுல தான் நிறைய பேர் காசை விடறாங்க. கியர் போட்டதும் ஆஃப் ஆகுதா, இல்ல பள்ளத்துல இறங்கினதும் ஒரு நொடி கட் ஆகி வருதா, முதல்ல சைடு ஸ்டாண்டு சுவிட்சைப் பாருங்க. ஸ்டாண்டு போட்டிருந்தா கியர்ல ஓடக் கூடாதுன்னு வச்ச சுவிட்சு அது, தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்கறதால சேறும் உப்பும் புகுந்துடும். எனக்கு கோட்டூர்புரம் பாலத்து மேல, பின்னாடி பஸ் வரும்போது கட் ஆச்சு, உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. தண்ணி விட்டுக் கழுவி, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, ஸ்டாண்டைப் பத்து தடவை மடக்கி நீட்டினதுல சரியாச்சு. சரியாகலனா சுவிட்சையே மாத்துங்க. சில மெக்கானிக்குங்க வயரை நேராச் சேத்துட்டு சுவிட்சு வேணாம்பாங்க, ஒத்துக்காதீங்க, ஸ்டாண்டை எடுக்காம கிளம்பி இடது பக்கம் திரும்பினா ஸ்டாண்டு தரையில குத்தி ஆளைத் தூக்கிப் போட்டுடும்.

பேட்டரி அடிக்கடி இறங்குதுன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியில 12.5 வோல்ட்டுக்கு மேல காட்டணும், ஸ்டார்ட் பண்ணி ஆர்பிஎம் ஏத்தினா 13.5ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். 13 தாண்டலனா சார்ஜே ஏறல, 15ஐ தாண்டுதுன்னா சார்ஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் போச்சு, அது பேட்டரியையும் கெடுத்து, இன்ஜினைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டரான ஈசியு வரைக்கும் போகும். ரெகுலேட்டர் வயரைச் சேக்கற கப்ளரைக் கழட்டிப் பாருங்க, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். கடலுக்குக் கிட்ட, திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் குடியிருக்கவங்களுக்கு கப்ளர் உள்ள பச்சை பூத்துக் கிடக்கும். எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட் போட்டா ரிலே (கரண்டைத் தனியா விடற சுவிட்சு) வச்சு தனி ஃபியூஸ்ல போடுங்க, ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கற வேலை வேணாம்.

முன் பிரேக்கைப் புடிச்சுட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினா டொக் டொக்குனு கையில தட்டுதா, மெதுவாப் போகும்போது ஹேண்டில் நடுவுல ஒரு இடத்துல மாட்டி நிக்குதா, ஹேண்டில் கழுத்துல இருக்கிற பேரிங், அதான் கோன் செட், போச்சு. முன் வீலைத் தாங்கற ஃபோர்க் குழாய்ல எண்ணெய் வளையம் தெரிஞ்சா ஆயில் சீல் கசியுது, அது வழிஞ்சு பிரேக் பேடுக்குப் போறதுக்குள்ள பாத்துடுங்க. ரெண்டும் நாம பண்ற வேலை இல்ல, கடையில குடுத்துடுங்க.

மழைக்காலத்துக்கு ஒண்ணே ஒண்ணு. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் முங்கின வண்டிங்கள்ல நிறைய இன்ஜின் போனது தண்ணியால மட்டும் இல்ல, தண்ணி வடிஞ்சதும் செல்ஃப் அடிச்சுப் பாத்ததால. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். நின்ன இடத்துலயே தண்ணி மட்டம் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, இன்சூரன்ஸுக்கு வேணும், சாவியே போடாம தள்ளியோ ஏத்தியோ கொண்டு போங்க. ஆயில் பாத்தா பால் டீ கலர்ல இருக்கும், பிளக்கைக் கழட்டி தண்ணியை வெளியேத்தி, ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாத்தினப்புறம் தான் ஸ்டார்ட்டு.

இது எல்லாம் நம்ம பராமரிப்புல வர்றது. கம்பெனி தப்பும் உண்டு, அதுக்குத் தான் ரீகால், அதாவது கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது. சேசிஸ் நம்பரை எடுத்து, ஹேண்டில் கழுத்துல அடிச்சிருக்கும், கம்பெனி சைட்ல போட்டுப் பாருங்க, சரி பண்றதுக்குக் காசு வாங்க மாட்டாங்க, செகண்ட் ஓனர்னாலும் கேளுங்க. 2021 ஏப்ரல்ல இருந்து அரசாங்கத்தோட வாகன் போர்ட்டல்ல ஓனரே நேரா டிஃபெக்ட் புகார் பதியலாம்.

சர்வீஸுக்கு விடும்போது எதை மாத்தணும்னு சொல்லாதீங்க, எப்போ, எந்த ஸ்பீடுல, சூடுலயா ஜில்லுலயா, என்ன சத்தம்னு சொல்லி அதையே ஜாப் கார்டுல எழுத வைங்க, போன்ல வீடியோ இருந்தா காட்டுங்க. திரும்ப எடுக்கும்போது கிளம்பறதுக்கு முன்னாடி அங்கேயே குனிஞ்சு பின் வீல் ஆக்சில் நட்டு, ரெண்டு காலிபர் போல்ட்டு, ஆயில் டிரெய்ன் போல்ட்டு எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க, பிரேக்கை நாலு தடவை அமுக்குங்க. ஒரு தடவை செயின் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்த வண்டியில என் ஆக்சில் நட்டு விரலால திருகினாலே சுத்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் அதே வண்டியில என் தங்கச்சியை ஏத்திட்டு ஈசிஆர் போறதா இருந்தேன்.